உங்கள் வீட்டில் ஏழு மாதம்

மெக்ஸிகோ நாட்டுக்குப் போய் வந்தவன் என்று தெரிந்த நாள் முதல் நம் சங்கத்து நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இரண்டே. அங்கே சோறு கிடைத்ததா என்பது ஒன்று. துப்பாக்கிச் சூட்டில் அகப்படாமல் எப்படித் தப்பினாய் என்பது மற்றொன்று. சோறு கிடைத்தது. தக்காளியில் சிவக்க வதக்கிய சோறு. நாலாம் நாள் பழகிவிட்டது. இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு எளிதில் விடை சொல்ல முடியாது. என் காதில் விழுந்த வெடியெல்லாம் கோயில் திருவிழாவில் விடியற்காலையில் விடும் வாணங்கள்தாம். ஆனால் இருட்டிய பிறகு தனியே நடக்காதே என்று அந்நாட்டாரே சொன்னார்கள், நானும் நடக்கவில்லை. நண்பர்கள் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதை என்னிடம் வாரத்துக்கு ஒரு முறை கேட்டவர் நான் தங்கியிருந்த வீட்டு அம்மையார். இக்கட்டுரை அதைப் பற்றியது.

முதுநிலை முதலாண்டுத் தேர்வு முடிந்ததும், சென்ற ஆண்டு ஜூன் மாதம், ஆய்வேட்டு வேலைக்காக அங்கே போனேன். தலைநகருக்குக் கிழக்கே டெக்ஸ்கோகோ என்ற ஊர். அதையடுத்த எல் படான் என்னுமிடத்தில் அனைத்துலக மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பயிர்ப் பெருக்கம் படிப்பவனுக்கு அது ஒரு வகையில் திருத்தலம். 1944-ல் மெக்ஸிகோவுக்கு வந்த நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமை விதைகளை, கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் போன்றோரின் முயற்சியால், 1966-ல் நம் நாடு 18,000 டன் வாங்கியது. லெர்மா ரோஹோ, சொனோரா என்று அவற்றுக்கு அந்த நாட்டுப் பெயர்களே இருந்தன. நம் விடுதியில் தின்னும் சப்பாத்திக்கு அங்கே ஒரு பாட்டி இருக்கிறாள் என்று சொல்லலாம். விடுதிச் சப்பாத்தியின் கடினத்துக்கு அவள் பொறுப்பல்ல.

புறப்படுமுன் காரைக்குடிக்குப் போய் ஆயாவிடம் சொல்லிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் தாயைப் பெற்றவளை ஆயா என்போம். ஆயா ரங்கூனில் பிறந்தவள். 1942-ல் ஜப்பானியர் வந்தபோது கைக்குழந்தையாக அங்கிருந்து கொண்டுவரப்பட்டவள். அங்கே அவள் தகப்பனார் கட்டிய வீட்டைப் பற்றி அவள் கேட்டதுண்டே தவிரப் பார்த்த நினைவு இல்லை. ஆனால் அதன் தூண் கணக்கும் வாசல் கணக்கும் மனப்பாடமாகச் சொல்வாள். என் தலையில் கை வைத்து, "போற எடத்துல நல்லா இரு. ஆனா அதை நம்ம வீடுன்னு மட்டும் நெனச்சுப்புடாதே. வாடகை வீடாவே இருக்கட்டும்" என்றாள். நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன்.

டெக்ஸ்கோகோவில் எனக்குக் கிடைத்தது வாடகை அறைதான். அம்மையாருக்கு அறுபதுக்கு மேல் வயது, கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வேறு ஊர்களில். கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர் ஆகையால் முதல் வாரம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. காலையில் வெந்நீர்க் குழாயை எப்படித் திறப்பது, குப்பை வண்டி மணியடித்து வரும்போது எப்படி ஓடுவது எல்லாவற்றையும் அம்மையார் சைகையாலேயே கற்றுக் கொடுத்தார். பழைய இரும்பு வாங்கும் வண்டி ஒன்று தினமும் ஒலிபெருக்கியில் இராகம் இழுத்துக்கொண்டு போகும். மொழி புரியாத அந்த முதல் நாளிலும் அது இரும்புக்காரன் குரல்தான் என்று எனக்குச் சந்தேகமின்றித் தெரிந்துவிட்டது! நம் ஊர்த் தெருவில் பேரீச்சம்பழம் தருகிறவனின் தம்பியாகத்தான் இருக்க வேண்டும்.

ஆராய்ச்சி நிலையத்துக்குப் போக 'கோம்பி' என்ற சிறு வண்டி. ஏறுகிறவர் உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார். பின் வரிசையில் இருந்து கொடுக்கும் காசு கை மாறிக் கை மாறி ஓட்டுநரிடம் போகிறது. சில்லறை அதே வழியில் திரும்பி வருகிறது. உணவுக் கடையில் எழுந்து போகிறவர், முன்பின் அறியாத பக்கத்து மேசைக்காரரிடம் "ப்ரொவேச்சோ" என்கிறார். உண்ட உணவு உடம்பில் ஒட்டட்டும் என்பது போன்ற வாழ்த்து. இப்பழக்கங்கள் எனக்கு மிகவும் பிடித்துவிட்டன. ஊருக்குத் திரும்பிய பின் நம் உணவுக்கூடத்தில் ஒரு நாள் பழக்க தோஷத்தில் அதைச் சொல்லி, எதிரே இருந்த பஞ்சாபி நண்பரைத் திடுக்கிடச் செய்தேன்.

போன பத்தாம் நாள் இருக்கும். காலையில் அடுக்களை வாசலில் நின்று அம்மையார், "யா ஸே ஆயா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயாவைப் பற்றி இவருக்கு யார் சொன்னார்கள்? ஆனாலும் கேட்கிறார் அல்லவா? எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிய மொழியில், ஆயா காரைக்குடியில் நலம், முழங்கால் வலி மட்டும் உண்டு என்று சொல்லி, கைப்பேசியிலிருந்த படத்தையும் காட்டினேன். அம்மையார் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அன்று மாலை நிலையத்தில் ஒரு மாணவர் விளக்கினார். ஸ்பானிய மொழியில் 'கண்டெடுப்பது' என்பதற்கு உள்ள வினைச்சொல்லை மெக்ஸிகோ மக்கள் ஒரு தனிப் பொருளில் வழங்குகிறார்கள். புது ஊருக்கோ புது வீட்டுக்கோ போனவரைப் பார்த்து, "இங்கே உங்களை நீங்களே கண்டுகொண்டீர்களா?" என்று கேட்பார்கள், மனம் பொருந்திவிட்டதா என்று பொருள். பொருந்தாதவர், "நோ மே ஆயோ" என்பார்; என்னை நான் கண்டுகொள்ளவில்லை. அந்தக் கேள்வியின் ஓசைதான் என் காதில் ஆயாவாக விழுந்தது. அம்மொழியிலும் நம் மொழியைப் போல நீ உண்டு, நீங்கள் உண்டு. அம்மையார் என்னிடம் பேசியது 'நீங்கள்' என்னும் மரியாதையில். 'நீ' என்று கேட்டிருந்தால் வேறு ஓசை. ஆயா வந்திருக்க மாட்டாள்.

அது முதல் வாரம் தவறாமல் அதே கேள்வி. நான் "அவோரிட்டா" என்று விடை சொல்வேன். அச்சொல்லுக்கு 'இதோ, இப்போதே' என்று அகராதி பொருள் கூறும். அந்நாட்டு வழக்கிலோ அது ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், ஐந்து நாளாகவும் இருக்கலாம். என் நிலைமைக்குப் பொருத்தமான சொல்.

இன்னொரு வழக்கு என்னைச் சரியாக மாட்டிவைத்தது. உடன் வேலை செய்த மாணவர் ஒருவர், "ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு உங்கள் வீட்டில் சாப்பாடு" என்றார். என் அறைக்கு வருகிறார் என்று எண்ணி, நான் சந்தையில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வாங்கிப் பொரியல் செய்து வைத்துக்கொண்டு நான்கு மணி வரை காத்திருந்தேன். அவரோ தம் வீட்டில் தாயாரும் தங்கைகளுமாக எனக்காகக் காத்திருந்திருக்கிறார். அங்கே மரியாதை தெரிந்தவர் தம் வீட்டை 'என் வீடு' என்று சொல்லுவதில்லை. கேட்பவரைப் பார்த்து 'உங்கள் வீடு' என்பார். திங்களன்று இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். ஆயாவின் எச்சரிக்கை அப்போது நினைவுக்கு வந்தது. ஊரில் உள்ள வீடெல்லாம் உங்கள் வீடு என்று சொல்லும் மக்களிடையே ஒருவன் எவ்வளவு காலம் வாடகைக்காரனாகவே இருக்க முடியும்?

பெயர் விஷயத்தில் பட்ட பாட்டை இங்கே படிக்கும் தமிழர் எவரும் விளக்காமலே உணர்வார்கள். இங்கேயே, வடநாட்டில், 'குடும்பப் பெயர் என்ன?' என்று கேட்டு நம் தலையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். அங்கே ஒன்று போதாது, இரண்டு வேண்டும்: தந்தை வழி ஒன்று, தாய் வழி ஒன்று. ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கப் போய் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டேன். ஒற்றை எழுத்தைக் கணிப்பொறி ஏற்காதாம். நான்காம் முறை, அலுத்துப் போய், தந்தை வழிக் கட்டத்தில் அப்பச்சியின் பெயரையும் தாய் வழிக் கட்டத்தில் அம்மாவின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் மகிழ்ந்து முத்திரை குத்தினார். அம்மாவின் பெயர் என் பெயரோடு சேர்ந்து ஒரு காகிதத்தில் நின்றதை அன்றுதான் முதன் முதலாகப் பார்த்தேன். பள்ளிச் சான்றிதழிலும் அவள் பெயர் உண்டு. ஆனால் அது வேறொரு கட்டத்தில் தனியாக இருக்கும்.

உணவைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். அது என் படிப்பும் ஆகும். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் கொதிக்க வைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, மறுநாள் தோல் போகக் கழுவி அரைத்து, அந்த மாவைத் தட்டிக் கல்லில் சுட்டு எடுப்பது டோர்ட்டியா. அரைக்கிற பழைய கருவி மூன்று கால் முளைத்த நம் அம்மிதான். சுடுகிற கல் தோசைக்கல்லின் உடன்பிறப்பு. இதில் சுண்ணாம்பு சுவைக்காகச் சேர்ப்பதல்ல. மக்காச்சோளத்திலுள்ள நயாசின் என்ற உயிர்ச்சத்தைச் சுண்ணாம்புதான் உடம்புக்குக் கிடைக்கும்படி விடுவிக்கிறது. அந்நாட்டுப் பெண்கள் பல தலைமுறையாகச் செய்துவந்த இக்காரியத்தை, விதையை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு போன ஐரோப்பியர் கவனிக்கவில்லை. வட இத்தாலியிலும் பின்னர் அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகள் தோல் உரிந்து, புத்தி தடுமாறி, 'பெலக்ரா' நோயால் மாண்டார்கள். விதை குடியேறிவிட்டது, சுண்ணாம்பு பின்தங்கிவிட்டது.

மிளகாயைப் பற்றி நான் செருக்கோடு போனவன். காரம் தமிழன் சொத்து என்று எண்ணம். முதல் வாரத்திலேயே ஒரு பச்சை மிளகாய்ச் சட்டினி அந்த எண்ணத்தைக் கண்ணீர் விட்டுக் கரைத்தது. மிளகாய் அவர்கள் மண்ணில் பிறந்தது. நாமோ மிளகுக்கு உறவாக்கி ஒரு பெயர் வைத்துக்கொண்டு சொந்தம் கொண்டாடுகிறோம். அதற்குப் பதிலாக அவர்கள் கொண்டாடுவது நம் புளியை. மணிலாவிலிருந்து அக்காபுல்கோவுக்கு 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் போய் வந்தன. கிழக்கு நாட்டுச் சரக்குகள் மெக்ஸிகோவுக்குப் போன பெருவழி அது. இன்று அங்கே புளியைக் கரைத்துச் சர்க்கரை போட்டுப் பானகமாகக் குடிக்கிறார்கள். உப்பும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்து மிட்டாயாக எல்லாப் பெட்டிக்கடையிலும் விற்கிறார்கள்.

அந்தக் கப்பல்களில் புளி மட்டும் போகவில்லை. ஆகஸ்டு மாதம் புவெப்லா நகருக்குப் போயிருந்தபோது, ஏசு சபையாரின் கோயிலில் அடக்கம் செய்யப்பட்ட ஓர் இந்தியப் பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பிறந்த பெயர் மிர்ரா என்கிறார்கள். போர்த்துக்கீசியக் கொள்ளையர் நம் நாட்டிலிருந்து சிறுமியாகப் பிடித்துக்கொண்டு போய், கொச்சியில் ஞானஸ்நானம் செய்வித்து, மணிலாவில் விற்றார்கள். 1620-களில் புவெப்லாவுக்கு அடிமையாக வந்து சேர்ந்தாள். கத்தரீனா தே சான் ஹுவான் என்ற பெயரில் வாழ்ந்து, புண்ணியவதி என்று ஊரார் வணங்க, 1688-ல் இறந்தாள். கீழ்த்திசையிலிருந்து வந்த எல்லாரையும் 'சீனர்' என்றே அழைத்த காலம்; ஆகையால் இவளும் 'சீனத்தி' ஆனாள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் எந்த நாட்டுக்காரி என்பதை ஊரார் சரியாகச் சொல்லவில்லை! மனம் பொருந்திவிட்டதா என்று அவளை எவராவது கேட்டார்களா என்று கோயில் வாசலில் நின்று எண்ணிப் பார்த்தேன்.

டெக்ஸ்கோகோவுக்கு மிக அருகே சாப்பிங்கோ வேளாண் பல்கலைக் கழகம். அதன் பழைய கோயிற் சுவர்களில் தியேகோ ரிவேரா 1920-களில் தீட்டிய ஓவியங்களைக் காண உலகெங்குமிருந்து வருகிறார்கள். நானும் அவற்றைக் காணவே போனேன். கண்டது ஒரு மராட்டியரின் சிலையை. பாண்டுரங்க கான்கோஜே! வார்தாவில் பிறந்து, அமெரிக்காவில் வேளாண்மை படித்து, கதர் கட்சியில் சேர்ந்து, முதல் உலகப் போரின்போது பாரசீகத்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடி, ஊர் திரும்ப வழியின்றி 1924-ல் மெக்ஸிகோ வந்தவர். சாப்பிங்கோவில் ஆசிரியரானார். மக்காச்சோளத்தில் ஆராய்ச்சி செய்தார். உழவர் பிள்ளைகளுக்கு இலவச வேளாண் பள்ளிகள் தொடங்கினார். பெல்ஜிய நாட்டுப் பெண் ஒருவரை மணந்து இரு பெண்களுக்குத் தந்தையானார். மெக்ஸிகோக் கல்வி அமைச்சகத்துச் சுவரில் ரிவேரா தீட்டிய ஓவியம் ஒன்றில், மேசைத் தலைப்பில் அமர்ந்து அப்பம் பிட்டுக் கொடுப்பவர் இவர்தான் என்கிறார்கள். சிலையை 2022-ல்தான் நம் மக்களவைத் தலைவர் போய்த் திறந்து வைத்திருக்கிறார். அதற்கு முன் நான் அவர் பெயரையும் கேட்டதில்லை. என்னோடு வந்த மெக்ஸிகோ மாணவரும் கேட்டதில்லை.

கான்கோஜே நாடு விடுதலை பெற்ற பிறகே, 1950-களில், குடும்பத்தோடு நாகபுரிக்குத் திரும்பி, 1967-ல் அங்கே காலமானார். முப்பது ஆண்டு அவர் அந்த மண்ணில் உழுது விதைத்தார். திரும்பி வந்த இடத்தில் அவரைத்தான் எத்தனை பேருக்கு அடையாளம் தெரிந்திருக்கும்? ஊர் விட்டவனுக்கு ஊரும் ஒரு நாள் வேற்றூர் ஆகிவிடுகிறது என்ற அச்சம் எனக்கு அந்தச் சிலையடியில்தான் முதலில் உண்டாயிற்று.

செப்டம்பர் இறுதியில் ஒரு நாள், விடியற்காலை நான்கு மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. காரைக்குடியில் அப்போது பிற்பகல். அப்பச்சிதான். "ஆயா காலையில போயிட்டாக. நாளைக்கு எடுக்கிறோம். நீ வந்து சேர ரெண்டு நாளுக்கு மேல ஆகும். வர வேண்டாம்" என்றார். அவர் சொன்னது கணக்குப்படி சரி. சரி என்றேன்.

அன்றும் வயலுக்குப் போனேன். கதிரில் மணி வரிசை எண்ணிக் குறிப்பது அப்போதைய வேலை. ஒரு கதிருக்குப் பதின்மூன்று என்று எழுதினேன். பக்கத்திலிருந்த மாணவர் என் ஏட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கதிரை வாங்கி எண்ணிப் பதினான்கு என்று திருத்தினார். மக்காச்சோளத்தில் வரிசை இரட்டைப்படையாகத்தான் வரும். முதலாண்டு மாணவனுக்கும் தெரிந்த பாடம் அது.

மாலையில் வீடு திரும்பியதும் அம்மையார் அடுக்களையிலிருந்து வழக்கம்போல, "யா ஸே ஆயா?" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு 'அவோரிட்டா' வாயில் வரவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்து பார்த்து, கைப்பேசிப் படத்தை எடுக்கச் சொல்லி, விரலால் அதைத் தொட்டு, தலையை மட்டும் அசைத்துக் கேட்டார். ஆம் என்று நானும் தலையை அசைத்தேன். பட்டை போட்ட தேநீர் கொண்டுவந்து வைத்தார். நெடுநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருவரும் பேசவில்லை. பேச எனக்கு அவ்வளவு மொழியும் இல்லை.

அக்டோபர் கடைசி நாள். நவம்பர் முதலிரண்டு நாட்களும் அங்கே இறந்தோர் நாட்கள். முதல் நாள் குழந்தைகளுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. கூடத்தில் மேசையிட்டு, செண்டுமல்லிப் பூவை மாலையாகவும் உதிரியாகவும் நிறைத்து, தெரு வாசலிலிருந்து மேசை வரை இதழ்களால் பாதை போட்டார் அம்மையார். நம் ஊர்ச் செண்டுமல்லிக்கு அதுதான் பிறந்த வீடு என்று படித்திருக்கிறேன், அன்றுதான் நம்பினேன். சாம்பிராணி போன்ற ஒரு பிசினைப் புகைத்தார். தண்ணீர், உப்பு, மெழுகுவத்தி, அன்றைக்கென்று சுடும் ரொட்டி, நடுவில் அவர் கணவரின் படம், பக்கத்தில் அவர் விரும்பிக் குடிக்கும் கள். ஆம், கள்ளேதான், ஆனைக்கற்றாழையிலிருந்து இறக்குவது. பிறகு என்னிடம் கையை நீட்டி, "ஆயா?" என்றார். இம்முறை அவர் கேட்டது ஆயாவையேதான்.

படத்தைக் கடையில் அச்செடுத்து வந்தேன். கள்ளுக்குப் பக்கத்தில் வைத்தால் ஆயா எழுந்து போய்விடுவாள் என்றேன். அம்மையார் சிரித்து, இடையில் தண்ணீரையும் உப்பையும் நகர்த்தி வைத்தார். அடுத்து, ஆயாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். இறந்தவர் வெகு தூரம் நடந்து வருகிறாராம். பிடித்ததை வைக்க வேண்டுமாம்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆயா எனக்கு என்னென்ன செய்து போட்டாள் என்று நூறு சொல்வேன். சீடை, கந்தரப்பம், பால் பணியாரம், எல்லாம் எனக்குப் பிடித்தவை. அவளுக்கு என்ன பிடிக்கும்? இருபத்திரண்டு ஆண்டில் நான் அதைக் கேட்டதில்லை. வெட்கத்தோடு அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். அம்மாவும் உடனே சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "புளி" என்றாள். சிறு வயதில் புளியை உப்பும் மிளகாயும் வைத்து இடித்து உருட்டி, ஈர்க்குச்சியில் குத்தித் தின்பாளாம். கடைசி வரையில் யாரும் பார்க்காதபோது புளிப்பானையில் கை வைத்துவிட்டு, பல் கூசுகிறது என்று சொல்வாளாம்.

தெருமுனைக் கடைக்குப் போனேன். உப்பும் மிளகாயும் போட்ட புளி மிட்டாய், குச்சியோடு, ஒரு பொட்டலம் வாங்கிவந்து படத்தின் முன் வைத்தேன். அந்த வார முடிவிலும் அம்மையார் அதே கேள்வியைக் கேட்டார். "மே ஆயோ" என்று சொல்லிவிட்டு நானே திகைத்தேன்.

டிசம்பர் கடைசியில் திரும்பினேன். பட்டம் முடித்துவிட்டு முனைவர் படிப்புக்கு அங்கேயே வரலாம் என்று ஓர் ஆய்வாளர் சொல்லியிருக்கிறார். விண்ணப்பம் நிரப்பி வைத்திருக்கிறேன். இரண்டு குடும்பப் பெயர்களோடுதான். இன்னும் அனுப்பவில்லை. காரைக்குடிக்கு இதைப் பற்றி எழுதவும் இல்லை.

இந்த மாதம் முதல் வாரத்தில் அம்மையாரிடமிருந்து ஒரு படமும் இரண்டு வரியும் வந்தன. அதே மேசை, அதே பூ, தண்ணீருக்கு அந்தப் பக்கம் கள், இந்தப் பக்கம் ஆயா. உஸ்தேத் என்னும் 'நீங்கள்' இம்முறை இல்லை. 'உன் வீட்டில் உன் ஆயாவுக்கு எல்லாம் வைத்தாயிற்று. புளி மிட்டாய்தான் விலை ஏறிவிட்டது' என்று எழுதியிருந்தார்.